ஜெனரேட்டர் ஹெர்ட்ஸும் கெர்னல் கடிகாரமும்: ரங்கூன் கடையிலிருந்து ஒரு செய்முறைப் பதிவு

போன வியாழக்கிழமை சாயங்காலம் ஜெனரேட்டர் மூன்று மணி நேரம் ஓடியது. கடை யூபிஎஸ் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. நாலு மாதமாக நான் காத்திருந்தது இதற்குத்தான். மறப்பதற்குள் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன், தப்பாகப் போன வழிகளையும் சேர்த்து.

கடை ரங்கூனில், அனோரத்தா சாலையை ஒட்டிய ஒரு தெருவில் இருக்கிறது. காளி கோவிலுக்கு நடந்தே போய்விடலாம். ஜெராக்ஸ், கல்யாணப் பத்திரிகை, கோவில் நோட்டீஸ், தமிழ், பர்மியம் இரண்டிலும் டைப் செய்து அச்சடித்துத் தருவது, இதுதான் தொழில். கரன்ட் சில மணி நேரம் வரும், பிறகு போகும், நேரம் வாரத்துக்கு வாரம் மாறும். வந்ததும் தெரு முழுக்க "மீ லா பீ" என்று குழந்தைகள் கத்துவதைக் கேட்டுத்தான் எங்களுக்கே தெரியும். போன நேரத்தில் கட்டடத்துக்குப் பொதுவான 15 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் ஓடும்.

சிக்கல் இதுதான். ஜெனரேட்டர் கரன்டை என் யூபிஎஸ் அடிக்கடி ஏற்க மறுத்தது. லைன் இருக்கும், மின்விசிறி சுற்றும், ஆனால் யூபிஎஸ் தன் பேட்டரியிலேயே ஓடிக் கடைசியில் அணைந்துவிடும். கையேட்டைப் பார்த்தேன். 47 முதல் 53 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அலை) வரை மட்டும் ஏற்கும் என்று இருந்தது. ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் சயாவிடம் (பர்மியத்தில் வாத்தியார், மரியாதையாகக் கூப்பிடுவது) சொன்னேன். அவர் பேனலில் உள்ள முள்ளைக் காட்டினார். முள் 50இல் நின்றது. "மெஷினில் குறையில்லை, உன் பெட்டியில்தான் குறை" என்றார். வயதில் மூத்தவர், முப்பது வருஷமாக டீசல் எஞ்சினோடு வாழ்பவர். வெறும் வாயால் மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஒரு அளவைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில் ஹெர்ட்ஸ் காட்டும் மல்டிமீட்டர் ஒன்று, 45,000 கியாட். அதுவும் 50.3, 50.4 என்றே காட்டியது. யூபிஎஸ் கத்தும் அந்த நொடியில் எண் சற்றே ஆடும், பார்ப்பதற்குள் பழையபடி நிற்கும். சராசரி எடுத்துக் காட்டும் மீட்டருக்குள் அந்தச் சரிவு ஒளிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் ஒவ்வொரு அலையையும் தனித்தனியாக அளக்க வேண்டும் என்று தோன்றியது. 50 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு அலைக்கு 20 மில்லிநொடி. 47 என்றால் 21.28 மில்லிநொடி. அந்த ஒன்றேகால் மில்லிநொடி வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடையில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் காலத்துக் கணினி ஒன்று சும்மா கிடந்தது. கோர் 2 டியூவோ செயலி, 2 ஜிபி நினைவகம், பின்பக்கம் அந்தப் பெரிய 25 முள் பிரிண்டர் போர்ட். அதில் 64 பிட் டெபியன் லினக்ஸ் ஏற்றினேன். அந்தப் போர்ட்டின் 10ஆம் முள் பிரிண்டர் "வாங்கிக்கொண்டேன்" என்று சொல்லும் வழி. அதில் வரும் துடிப்பு செயலியைக் குறுக்கிட்டு எழுப்பவும் செய்யும். 18 முதல் 25 வரை உள்ள முட்கள் தரை.

சுற்று சிறியது. ஜெனரேட்டர் லைனில் 9 வோல்ட் ஏசி டிரான்ஸ்பார்மர், பிறகு 1 கிலோ ஓம், வெளிச்சத்தின் வழியே மட்டும் சைகையைக் கடத்தும் பிசி817 ஆப்டோகப்ளர், அதன் வெளிப்பக்கம் யூஎஸ்பியிலிருந்து எடுத்த 5 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம். லைன் வோல்டேஜை நேரே கணினிப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்பதில் மட்டும் நான் உறுதியாக இருந்தேன். டிரான்ஸ்பார்மர், ஆப்டோ என்று இரண்டு வேலி. முதல் ஆப்டோ ஒரே நாளில் செத்தது. தலைகீழ் டயோடு போட மறந்துவிட்டேன். 9 வோல்ட் ஏசியின் உச்சம் ஏறக்குறைய 12.7 வோல்ட், ஆப்டோவின் எல்ஈடி தலைகீழாகத் தாங்குவது 6 வோல்ட்தான். இரண்டாவதுக்கு எதிர்த்திசையில் ஒரு 1என்4148 டயோடு போட்டேன், இன்றுவரை ஓடுகிறது.

மென்பொருளில் ஆரம்பித்த வழி தப்பு. ஒரு சி நிரல் எழுதினேன்: போர்ட்டைப் படி, மணியைக் கேள், மாறியிருந்தால் குறித்துக்கொள், மறுபடி படி. ஓயாத சுழற்சி. மணி கேட்க கிளாக்_கெட்டைம் என்ற செயற்கூறு. ஒரு கோர் முழுக்க நூறு சதவீதம், சுவரில் மாட்டிய வாட் மீட்டர் 47இலிருந்து 72க்கு ஏறியது, அவ்வளவு செய்தும் நொடிக்கு 3,30,000 சுற்றுதான் போனது. ஒரு சுற்றுக்கு 3 மைக்ரோநொடி. போர்ட்டைப் படிக்க ஒரு மைக்ரோநொடி ஆகும் என்று தெரியும். மீதி இரண்டும் எங்கே போகிறது?

இரண்டு நாள் தேவையில்லாத இடத்தில் தேடினேன். கம்பைலர் தேர்வுகளை மாற்றினேன், செயலியின் வேகத்தை உச்சத்தில் நிறுத்தினேன், விசிறியில் தூசு தட்டினேன். எதற்கும் அசையவில்லை. கடைசியில் மணி கேட்பதை மட்டும் பத்து லட்சம் தடவை செய்யும் ஒரு சின்ன நிரல் எழுதினேன். 1.9 நொடி. அதே நிரலைச் சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகனுக்கு அனுப்பினேன். "மாமா, இதில் ஏதோ விட்டுப்போச்சு, என்டர் அடித்ததுமே முடிஞ்சிருச்சு" என்றான். அவன் லேப்டாப்பில் 0.025 நொடி. கணினி புதிது என்பதற்காக எழுபத்தைந்து மடங்கு வித்தியாசம் வராது. வேறு ஏதோ இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எந்தக் கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்கிறது என்பதை அதனிடமே கேட்கலாம். சிஸ் அடைவுக்குள் கிளாக்சோர்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது, அதில் இப்போதைய கடிகாரத்தின் பெயர் ஒரே வரியில் இருக்கும். என் கணினியில் ஏசிபிஐ பிஎம் டைமர். அவன் கணினியில் டிஎஸ்சி. கெர்னல் தொடங்கும்போது எழுதும் பதிவைப் புரட்டினால் காரணமும் இருந்தது: ஓய்வில் டிஎஸ்சி நின்றுவிடுகிறது, அதனால் அதை நம்பத்தகாதது என்று குறிக்கிறேன்.

டிஎஸ்சி என்பது செயலிக்குள்ளேயே ஓடும் எண்ணி, 1993இல் பென்டியத்தோடு வந்தது. ஒரே கட்டளையில் படித்துவிடலாம். அது நம்பகமாக இருந்தால் லினக்ஸ் ஒரு நல்ல ஏற்பாடு செய்கிறது. விடிஎஸ்ஓ என்ற சிறு பகுதியை ஒவ்வொரு நிரலுக்குள்ளும் வைத்துவிடுகிறது. நிரல் கெர்னலுக்குள் போகாமலே எண்ணியைப் படித்து, ஒரு எண்ணால் பெருக்கி, சில பிட் தள்ளி, அடிப்படை நேரத்தோடு கூட்டி, மணியைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். வகுத்தல்கூடக் கிடையாது. இடையில் கெர்னல் அந்த அடிப்படை எண்களைப் புதுப்பித்துவிட்டால் ஒரு வரிசை எண் மாறியிருக்கும், நிரல் அதைப் பார்த்து இன்னொரு முறை படிக்கும், பூட்டு எதுவும் வேண்டாம். பிஎம் டைமர் என்றால் இது நடக்காது. கெர்னலுக்குள் போய், அங்கிருந்து செயலிக்கு வெளியே மதர்போர்டில் இருக்கும் சிப்பைக் கேட்டு வர வேண்டும். கையில் கட்டிய வாட்சைப் பார்ப்பதற்கும், கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனைக்குப் போய் மணி கேட்டு வருவதற்கும் உள்ள வித்தியாசம். நான் நொடிக்கு மூன்று லட்சம் தடவை கடையைப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

என் செயலியின் டிஎஸ்சி, வேகம் மாறினாலும் ஒரே சீராக ஓடும், ஆனால் ஆழ்ந்த ஓய்வுக்குப் போனால் நின்றுவிடும். ஓய்விலும் நிற்காத டிஎஸ்சி அடுத்த தலைமுறையில்தான் வந்தது. ஆகவே கெர்னல் சந்தேகப்பட்டது நியாயம்தான். அது தெரிந்தும் பிடிவாதமாக டிஎஸ்சிக்கு மாற்றப் பார்த்தேன். அந்தக் கோப்பில் டிஎஸ்சி என்று கையால் எழுதினேன், கெர்னல் மறுத்துவிட்டது. மறுத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். மாறியிருந்தால் அளவு முழுக்கப் பொய்யாகி, நான் அதை எடுத்துக்கொண்டு சயாவிடம் போயிருப்பேன்.

பிறகு செயலியை ஆழ்ந்த ஓய்வுக்கே போகவிடாமல், கெர்னலின் துவக்க வரியில் சி1 என்ற லேசான ஓய்வு நிலைக்கு மேல் வேண்டாம் என்று கட்டளை கொடுத்தேன். டிஎஸ்சி திரும்ப வந்தது. பத்து லட்சம் தடவைக்கு 0.06 நொடி. ஒரு நாள் முழுக்க மகிழ்ச்சி. மறுநாள் வாட் மீட்டரைப் பார்த்தேன். சும்மா இருக்கும்போதே 47 வாட் இருந்த இடத்தில் 55. இந்தக் கணினி ஓடுவது யூபிஎஸ் பேட்டரியில், அதைக் காப்பாற்றத்தானே இத்தனை பாடு? அப்புறம் கணினியின் துவக்க அமைப்பான பயாஸில் நுழைந்து பார்த்தால் ஹெச்பெட் என்ற இன்னொரு கடிகாரம் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதைத் திறந்து, சி1 கட்டுப்பாட்டை எடுத்துவிட்டேன். பத்து லட்சத்துக்கு 0.9 நொடி, 47 வாட். பாதி வழி.

கரன்ட் போன ஒரு மத்தியானம், எதிர்க்கடை லபெயே தேநீரோடு உட்கார்ந்து, நோட்டில் கணக்குப் போட்டேன். பிஎம் டைமர் ஓடுவது 3.579545 மெகாஹெர்ட்ஸில். ஒரு துடிப்புக்கு 279 நானோநொடி. 20 மில்லிநொடி அலையை அந்த நுட்பத்தில் அளந்தால், ஹெர்ட்ஸில் பிழை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஹெச்பெட் அதைவிட நுட்பம். எனக்குத் தேவை பத்தில் ஒரு பங்கு. ஆக, மெதுவான கடிகாரம் என்று நான் துரத்திவிடப் பார்த்ததே தேவைக்கு மேல் நுட்பமானது. தப்பு கடிகாரத்தில் இல்லை, கேட்கும் எண்ணிக்கையில் இருந்தது. நொடிக்கு ஐம்பது அலை. ஐம்பது தடவை மணி கேட்டால் போதும். ஒரு தடவைக்கு 1.9 மைக்ரோநொடி ஆனாலும் நொடிக்கு 95 மைக்ரோநொடி. செயலியின் நேரத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இதைப் போட்டுப் பார்க்க எனக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது.

சுழற்சியை எறிந்துவிட்டு, கெர்னலுக்குள்ளேயே ஓடும் துண்டு நிரலான கெர்னல் மாட்யூல் எழுத உட்கார்ந்தேன். போர்ட்டின் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் நாலாம் பிட்டை ஏற்றினால் 10ஆம் முள் துடிப்பு ஏழாம் எண் குறுக்கீடாக வரும். குறுக்கீட்டில் மணி குறி, வரிசையில் போடு, வெளியே வா. எந்தக் கெர்னல் நேரச் செயற்கூறு என்பதில்தான் நாலு தடவை மாறினேன்.

முதலில் ஜிஃபீஸ். அது வெறும் ஒரு மாறி, படிக்கச் செலவே இல்லை. என் கெர்னலில் நொடிக்கு 250 தடவை கூடும், அதாவது 4 மில்லிநொடிக்கு ஒன்று. ஒரு அலைக்கு ஐந்து எண்ணிக்கை வரும், அது 50 ஹெர்ட்ஸ். எப்போதாவது ஆறு வரும், உடனே 41.67. நாலு வந்தால் 62.5. நடுவில் எதுவும் கிடையாது. அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் தாலிக்குப் பொன் நிறுத்த மாதிரி. அதை எறிந்துவிடவில்லை. லைன் ஒரு நொடிக்கு மேல் செத்துக் கிடக்கிறதா என்று பார்க்கும் இடத்தில் இன்றும் ஜிஃபீஸ்தான் இருக்கிறது. அங்கே 4 மில்லிநொடி யாருக்கு வேண்டும்?

இரண்டாவது, கேடைம்_கெட்_ரியல். பழைய உதாரணங்களில் டூ_கெட்டைம்ஆஃப்டே என்று இருந்தது. புதிய கெர்னலில் அது நீக்கப்பட்டுவிட்டது, தொகுக்கவே முடியவில்லை. 32 பிட்டில் நொடிகளை எண்ணும் பழைய முறை 2038 ஜனவரி 19இல், நம் பர்மா நேரப்படி காலை 9 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு நிரம்பிவிடும் என்பதால் அந்தப் பழைய செயற்கூறுகளை எல்லாம் களைந்திருக்கிறார்கள். சரி, புதியதைப் போட்டேன். நுட்பம் அருமை. மறுநாள் காலை கடை திறந்து, கணினியை ஏற்றி, அரை மணி கழித்து இன்டர்நெட் வந்தது. இன்டர்நெட் வழியே நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி, கடிகாரத்தை ஒரே தாவலாக முன்னே தள்ளியது. என் பதிவில் ஒரே ஒரு அலைக்கு ஏழு மணி நேரம். மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி செத்திருந்தது, இரவெல்லாம் நேரம் ஓடவேயில்லை. 2,000 கியாட்டுக்குப் புதிது போட்டேன். ஆனால் பேட்டரி போட்டாலும் இந்தச் செயற்கூறு இடைவெளி அளக்க உகந்ததல்ல. சுவர்க் கடிகாரத்தை யார் வேண்டுமானாலும் திருப்பி வைக்கலாம்.

மூன்றாவது, கேடைம்_கெட். கணினி ஏறியதிலிருந்து முன்னே மட்டும் ஓடும், தாவாது. பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும், நானும் ஒரு வாரம் இதில்தான் இருந்தேன். ஆனால் என்டிபி இதன் வேகத்தையும் நுண்ணிய அளவில் கூட்டிக் குறைக்கும். பத்து லட்சத்தில் அதிகபட்சம் 500 பங்கு, அதாவது 50 ஹெர்ட்ஸில் 0.025. என் தேவைக்கு இது பொருட்டே இல்லை. ஆனாலும் அளவுகோலை வேறொருவர் இழுத்துச் சரிசெய்துகொண்டே இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நாலாவதாக கேடைம்_கெட்_ரா போட்டேன். அதை என்டிபி தொடாது. அதிலேயே நின்றுவிட்டேன்.

மாட்யூல் ஓடத் தொடங்கியதும் வேறு ஒரு தொல்லை. நொடிக்கு 50 குறுக்கீடு வர வேண்டிய இடத்தில் 600க்கு மேல். ஆப்டோவின் வெளிப்பக்கம் மெதுவாக ஏறுகிறது. அந்த ஏற்றத்தின் நடுவில் சிறு இரைச்சல் இருந்தாலும் போர்ட் அதைப் பத்துத் துடிப்பாக எண்ணுகிறது. நான் புத்திசாலித்தனம் என்று நினைத்து, போன துடிப்பிலிருந்து 5 மில்லிநொடிக்குள் வருவதைத் தள்ளிவிடு என்று மாட்யூலில் எழுதினேன். தள்ளுவதா வேண்டாமா என்று தெரிய ஒவ்வொரு பொய்த் துடிப்புக்கும் மணி கேட்க வேண்டியிருந்தது. மறுபடியும் அதே தப்பு. அதை அழித்துவிட்டு, ஆப்டோவுக்கும் போர்ட்டுக்கும் நடுவில் மெதுவான ஏற்றத்தை ஒரே சுத்தமான துடிப்பாக்கும் 74ஹெச்சி14 என்ற ஷ்மிட் டிரிகர் சிப் ஒன்றை வைத்தேன், 1,800 கியாட். அரை மணி நேரச் சால்டரிங். எண்ணிக்கை 50இல் வந்து நின்றது.

அச்சிடும் கட்டளையைக் குறுக்கீட்டுக்குள் வைத்து ஒரே இரவில் கெர்னல் பதிவை நிரப்பிக்கொண்டதும் ஒன்று உண்டு. இப்போது நானோநொடி எண்ணை மட்டும் ஒரு வட்ட வரிசையில் போட்டு, கோப்பு போலப் படிக்கக்கூடிய கேரக்டர் டிவைஸ் வழியாக வெளியே எடுக்கிறேன். ஹெர்ட்ஸ் கணக்கு எல்லாம் வெளி நிரலில். கெர்னலுக்குள் தசமக் கணக்கு வேண்டாம்.

சரிபார்க்க ஒரு ஆதாரம் வேண்டுமே? வீட்டு இன்வெர்ட்டரைக் கடைக்குத் தூக்கி வந்தேன். பேட்டரியிலிருந்து அது தரும் 50 ஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் இருந்து வருவது, ஆடாது. சராசரி 50.00 வந்தது. ஆனால் ஒவ்வொரு அலையும் 60 மைக்ரோநொடி வரை முன்னும் பின்னும் துள்ளியது. செயலி ஆழ்ந்த ஓய்விலிருந்து எழுந்து குறுக்கீட்டைக் கவனிக்க எடுக்கும் நேரம் அது. சி1இல் நிறுத்திப் பார்த்தபோது துள்ளல் 8 மைக்ரோநொடிக்கு இறங்கியது. மறுபடி அந்த 55 வாட்டுக்குப் போக எனக்கு விருப்பமில்லை. 60 மைக்ரோநொடி என்பது ஒரு அலையில் 0.15 ஹெர்ட்ஸ், பத்து அலையைச் சேர்த்து அளந்தால் 0.015. பத்து அலை என்றால் 200 மில்லிநொடி. மல்டிமீட்டரைவிட வேகம்தான், சயாவிடம் காட்டவும் போதும். ஒவ்வொரு அலையின் எண்ணும் கோப்பில் இருக்கிறது, கூட்டிப் பார்ப்பது வெளியே.

சுவர்க் கடிகார நேரம் கடைசியாக வந்தது. நிமிடத்துக்கு ஒருமுறை கேடைம்_கெட்_ரியல்_செகண்ட்ஸ், கேடைம்_கெட்_ரா இரண்டையும் ஒரு ஜோடியாக எழுதி வைக்கிறேன். முழு நொடி மட்டும் போதும் என்றால் அந்தச் செயற்கூறு கடிகாரச் சிப்பையே தொடுவதில்லை, கெர்னல் ஏற்கெனவே வைத்திருக்கும் எண்ணை எடுத்துத் தருகிறது. நிலை எழுதும் வெளி நிரலிலும் கிளாக்_மோனோடானிக்_கோர்ஸ் என்ற கடிகாரத்தைப் போட்டேன். 4 மில்லிநொடி நுட்பம்தான், ஆனால் டிஎஸ்சி இல்லாத என் கணினியிலும் கெர்னலுக்குள் போகாமல் கிடைக்கிறது. அதே பத்து லட்சம் சோதனை, இந்தக் கடிகாரத்தில் 0.02 நொடி. இது முதலிலேயே தெரிந்திருந்தால் பாதிக் கவலை இல்லை.

வரைபடம் போடும்போது இன்னொரு இடறல். அக்கா மகன் எழுதித் தந்த நிரலில் நேர வித்தியாசத்தை முழு மணியாகத்தான் கொடுக்க முடியும். 6 என்று கொடுத்தேன். கடை டைரியில் கரன்ட் வந்த நேரம், போன நேரம் குறித்து வைப்பேன். எல்லாம் அரை மணி தள்ளி நின்றது. நம் நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஆறரை மணி முன்னே என்பதை அவனுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. நேர மண்டலப் பட்டியலில் ரங்கூன் என்றிருந்த பெயரை 2016இல் யாங்கூன் என்று மாற்றியிருக்கிறார்கள். பழைய பெயர் கொடுத்தாலும் ஏற்கிறது. நான் பழைய பெயரையே கொடுத்திருக்கிறேன்.

சரி, ஜெனரேட்டர் என்ன சொன்னது? சுமை இல்லாதபோது 52.1. கடைகள் எல்லாம் ஓடும்போது 50.4. அதுவரை சயா சொன்னது சரி. மாடித் தண்ணீர் மோட்டார் தொடங்கும் நேரத்தில் 46.3 வரை விழுந்து, 1.8 நொடி கழித்து ஏறியது. ஏறியதும் நிற்கவில்லை. 48.9க்கும் 51.2க்கும் நடுவில், ஒன்றரை நொடிக்கு ஒருமுறை, ஊஞ்சல் போலப் பத்துப் பதினைந்து தடவை ஆடியது. முள் மெதுவானது, அதற்கு இது எதுவுமே தெரியவில்லை.

அவருக்கு ஹெர்ட்ஸ் கணக்காகக் காட்டாமல் எஞ்சின் சுற்றாக மாற்றினேன். நாலு துருவ ஜெனரேட்டர், 1,500 சுற்றுக்கு 50 ஹெர்ட்ஸ், ஆகவே முப்பதால் பெருக்கினால் போதும். 46.3 என்றால் 1,389 சுற்று. பெரிய தாளில் அச்சடித்து, டீசல் கறை படிந்த அந்த மேஜையில் விரித்தேன். முதலில் 1,389ஐப் பார்த்துத் தலையாட்டினார், மோட்டார் ஏறினால் விழத்தான் செய்யும் என்றார். பிறகு அந்த ஊஞ்சலில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பேசவில்லை. காதால் கேட்டிருக்கிறேன், இவ்வளவு என்று தெரியாது என்றார். அன்று சாயங்காலமே, எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரின் இணைப்புத் தண்டைக் கழற்றினார். ஒரு மூட்டில் தேய்மானம். டீசல் வடிகட்டியும் அடைத்திருந்தது. இரண்டையும் மாற்றி, கவர்னர் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப, நான் கணினிப் பக்கம் நின்று எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்போது மோட்டார் ஏறினால் 48.1 வரை விழுகிறது, இரண்டு ஆட்டத்தில் நிற்கிறது. யூபிஎஸ்ஸின் 47க்கு மேலே.

செலவு: டிரான்ஸ்பார்மர் 14,000, ஆப்டோ இரண்டு 1,200, ஷ்மிட் சிப் 1,800, ரெசிஸ்டர், டயோடு 500, போர்டும் 25 முள் இணைப்பானும் 6,000, பயாஸ் பேட்டரி 2,000. மொத்தம் 25,500 கியாட். மல்டிமீட்டரைச் சேர்த்தால் 70,500. கணினி ஏற்கெனவே இருந்தது.

மறுபடி செய்தால் பத்து லட்சம் தடவை மணி கேட்கும் அந்தச் சோதனையை முதல் நாளே, வேறு எந்த வரியும் எழுதுவதற்கு முன்னே ஓட்டுவேன். நொடிக்கு எத்தனை தடவை உண்மையில் கேட்க வேண்டும் என்பதையும் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். ஷ்மிட் சிப்பை முதல் சுற்றிலேயே போடுவேன். 47 வாட் கணினிக்குப் பதில் ராஸ்ப்பெரி பை 4 வாங்குவேன். அதன் எண்ணி 54 மெகாஹெர்ட்ஸ், ஓய்விலும் நிற்காது, விடிஎஸ்ஓவிலும் படிக்கலாம். ஆனால் கரன்ட் போனால் நேரத்தைத் தாங்கும் கடிகாரம் அதில் இல்லை, தனியே ஒரு ஆர்டிசி சிப்பும் பேட்டரியும் சேர்க்க வேண்டும். டிரான்ஸ்பார்மர் வழியே வோல்டேஜ் குறையும்போது ஆப்டோ திறக்கும் புள்ளி கொஞ்சம் நகர்கிறது, அதனால் வோல்டேஜ் திடீரென்று விழும் முதல் அலையின் அளவு சற்றுத் தப்பு. அதற்கு ஒரு ஒப்பீட்டுச் சிப்பை வைத்து, சரியாகப் பூஜ்யத்தில் பிடிக்க வேண்டும்.

சயா நேற்று வந்தார். பக்கத்துத் தெருவில் இன்னொரு கட்டடத்து ஜெனரேட்டர், அங்கும் விளக்கு மினுக்குகிறதாம், இந்தப் பெட்டியை இரண்டு நாளைக்குத் தர முடியுமா என்று கேட்டார். கணினியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியதும் நானே அவரோடு போவதாகச் சொல்லியிருக்கிறேன்.